எடை குறைஞ்சாச்சு... சத்தும் குறையலாமா?

ஒரு கல்யாண வீடு என்று வைத்துக் கொள்ளுங்கள். நூற்றுப் பத்து கிலோ இருந்த உங்கள் சித்தி, இப்போது அறுபத்தெட்டு கிலோவில் பட்டுப் புடவை சரசரக்க வந்து நிற்கிறார். "அடையாளமே தெரியலையே!", "என்ன சாப்பிடறீங்க, எங்களுக்கும் சொல்லுங்க!" என்று ஆளுக்கு ஆள் விசாரிக்கிறார்கள். மூன்று வருஷத்துக்கு முன்னால் செய்துகொண்ட எடைக்குறைப்பு ஆபரேஷன்தான் காரணம் என்று சித்தியும் ஒளிக்காமல் சொல்கிறார்.

ஆனால் கூர்ந்து கவனித்தால் வேறு சிலதும் தெரியும். மேடை ஏறும்போது கைப்பிடியை இறுக்கிப் பிடிக்கிறார். காலில் இருந்த செருப்பு வழியிலேயே கழன்று விழுந்தது அவருக்குத் தெரியவே இல்லை. "கொஞ்ச நாளா பாதம் பஞ்சு மேல வைக்கிற மாதிரி இருக்கு. வயசாச்சு இல்லே?" என்கிறார். வயசு நாற்பத்தாறுதான்!

"ஆபரேஷன் சமயத்துல குடுத்த சத்து மாத்திரை எல்லாம் சாப்பிடறீங்களா?" என்று கேட்டால், "அதெல்லாம் ஒண்ணரை வருஷத்துக்கு முன்னாடியே நிறுத்திட்டேன். நல்லாத்தானே இருக்கேன்!" என்று பதில் வரும்.

இந்த 'நல்லாத்தானே இருக்கேன்'தான் வம்பு. எடைக்குறைப்பு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் பலருக்கு முதல் வருஷம் பெரிய தொல்லை இருப்பதில்லை. உடம்பு பழைய சேமிப்பை எடுத்துச் செலவு செய்து ஓட்டிவிடும். சேமிப்பு கரைந்த பிறகுதான் ஒவ்வொன்றாகத் தலைகாட்டும். அதற்குள் ஆபரேஷனே மறந்து போயிருக்கும்!

உங்கள் வீட்டில் யாராவது இந்த ஆபரேஷன் செய்துகொண்டிருந்தாலும் சரி, செய்துகொள்ளலாமா என்று யோசித்துக் கொண்டிருந்தாலும் சரி... கொஞ்சம் நிதானமாக இதைப் படியுங்கள்.

உள்ளே என்ன செய்கிறார்கள்?

பேரியாட்ரிக் சர்ஜரி என்று சொல்லப்படும் இந்த சிகிச்சையில் பல வகை உண்டு. இன்று உலகம் முழுக்க அதிகம் செய்யப்படுவது 'ஸ்லீவ்' முறை. பை மாதிரி இருக்கும் இரைப்பையில் ஏறக்குறைய முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, வாழைப்பழம் அளவுக்கு ஒரு குழாயாக மிச்சம் வைப்பார்கள். பசியைக் கிளப்பும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் சுரப்பது, வெட்டி எடுக்கப்படும் அந்தப் பகுதியில்தான். அதனால் கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறையும். பசியும் அடங்கும்.

இன்னொன்று 'பைபாஸ்' முறை. (இதயத்தில் செய்கிற பைபாஸ் வேறு, இது வேறு. குழப்பிக் கொள்ளாதீர்கள்!) இரைப்பையின் மேல்பகுதியில் சுமார் 30 மில்லி மட்டுமே பிடிக்கும் ஒரு குட்டிப் பையைத் தனியாகப் பிரித்து, அதை நேராகச் சிறுகுடலின் கீழ்ப் பகுதியோடு இணைத்துவிடுவார்கள். 30 மில்லி என்றால் இரண்டு மேசைக்கரண்டி, அவ்வளவுதான். சாப்பாடு பெரிய இரைப்பையையும் சிறுகுடலின் ஆரம்பப் பகுதியையும் தொடாமலே கீழே போய்விடும்.

இந்த பைபாஸுக்கு ஒரு முன்கதை உண்டு. அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் என்ற சர்ஜன் இருந்தார். வயிற்றுப் புண்ணுக்காக இரைப்பையில் ஒரு பகுதியை எடுத்துவிட்ட பெண்கள் பிறகு எடை போடவே சிரமப்படுவதைக் கவனித்தார். 'அப்படியானால் எடையைக் குறைக்கவே இதைச் செய்தால் என்ன?' என்று 1966-ல் ஆரம்பித்தார். அந்த வயிற்றுப் புண் நோயாளிகளில் பலருக்கு வருஷங்கள் கழித்து ரத்த சோகையும் நரம்புக் கோளாறும் வந்ததும் டாக்டர்களுக்குத் தெரிந்த விஷயம்தான். ஆக, நன்மையும் பக்கவிளைவும் சேர்ந்தே பிறந்தவை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். தகுதியானவர்களுக்கு இந்த ஆபரேஷன் பெரிய உதவி. சர்க்கரை நோய் கட்டுக்குள் வருகிறது, ரத்த அழுத்தம் குறைகிறது, தூக்கத்தில் மூச்சுத் திணறுவது நிற்கிறது, முழங்கால் தப்பிக்கிறது. பயந்து ஓடுவதற்காக இதையெல்லாம் சொல்லவில்லை. ஆனால் ஒரு நிபந்தனை இருக்கிறது: ஆபரேஷன் ஒரு நாள், பராமரிப்பு ஆயுள் முழுக்க!

குண்டா இருக்கிறவங்களுக்கு சத்துக் குறைவா?

'இவ்வளவு உடம்பு இருக்கே, இதுல எங்கே சத்துக் குறையும்?' என்று சிரிப்பீர்கள். குறையும்! உடம்பில் கொழுப்பு மிஞ்சி இருப்பதும், இரும்புச் சத்து இருப்பதும் வேறு வேறு கணக்கு. அதிக எடை உள்ளவர்கள் பலருக்கு ஆபரேஷனுக்கு முன்பே வைட்டமின் டி-யும் இரும்பும் குறைவாகத்தான் இருக்கின்றன. நம் நாட்டில் கேட்கவே வேண்டாம். 2019-21-ல் எடுத்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்த சோகை. இதோடு சைவச் சாப்பாடும் சேர்ந்தால் பி12-ம் சொற்பம்தான். அதனால்தான் கத்தி வைக்கும் முன்பே ரத்தப் பரிசோதனை செய்து, குறைவை ஈடு கட்டிக்கொள்ளச் சொல்கிறார்கள்.

இரும்பு: பச்சரிசி மெல்லத் தோன்றுகிறதா?

சாப்பாட்டில் உள்ள இரும்பு உடம்பில் சேர வேண்டுமென்றால் இரண்டு வேண்டும். ஒன்று, இரைப்பையில் சுரக்கும் அமிலம். இரண்டாவது, சிறுகுடலின் ஆரம்பப் பகுதி. இரும்பை உறிஞ்சும் முக்கியமான இடம் அதுதான். பைபாஸில் இரண்டுமே அடிபடுகின்றன. ஸ்லீவில் குடலைத் தொடுவதில்லை. ஆனால் அமிலமும் சாப்பாட்டு அளவும் குறைந்து போகின்றன. மாதவிலக்கு உள்ள பெண்களுக்கு மாதாமாதம் செலவு வேறு.

மாடி ஏறினால் மூச்சு வாங்குவது, படபடப்பு, முடி கொட்டுவது, நகம் கரண்டி மாதிரி குழிவது எல்லாம் இதன் அறிகுறிகள். இன்னொரு வேடிக்கையான அறிகுறியும் உண்டு. சிலருக்குப் பச்சரிசியையோ ஐஸ் கட்டியையோ மென்றுகொண்டே இருக்கத் தோன்றும். 'என்னமோ புதுப் பழக்கம்' என்று விட்டுவிடாதீர்கள். அது இரும்பு கேட்டு உடம்பு அனுப்பும் மனு!

ஹீமோகுளோபின் மட்டும் பார்த்துத் திருப்திப்படுவதும் சரியில்லை. அது பர்ஸில் இருக்கும் பணம் மாதிரி. வங்கி இருப்பைச் சொல்வது 'ஃபெரிட்டின்' பரிசோதனை. பர்ஸ் காலியாவதற்கு ரொம்ப முன்பே வங்கி காலியாகிவிடும்.

மாத்திரை சாப்பிட்டும் ஏறவில்லை என்றால், டாக்டர் இரும்பை நேராக ரத்தத்தில் டிரிப் மூலம் ஏற்றுவார். கூடவே, உள்ளே எங்காவது புண்ணாகி ரத்தம் கசிகிறதா என்றும் பார்ப்பார். பைபாஸ் செய்தவர்கள் தலைவலி, மூட்டு வலிக்குக் கடையில் தானாக வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்ளக் கூடாது என்பது இந்தப் புண்ணுக்குப் பயந்துதான்.

பி12: மெதுவாக வரும் திருடன்

நம் சித்தியின் கால் கதைக்கு வருவோம். பி12 என்ற வைட்டமின் கொஞ்சம் செல்லப் பிள்ளை. உணவிலிருந்து அதைப் பிரித்தெடுக்க இரைப்பை அமிலம் வேண்டும். பிறகு இரைப்பையின் சுவரில் சுரக்கும் ஒரு விசேஷப் புரதம் அதன் கையைப் பிடித்துக் கூட்டிப் போக வேண்டும். அப்போதுதான் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் அதற்குக் கதவு திறக்கும்.

இரைப்பையில் இப்படி ஒரு பொருள் இருப்பதைக் கண்டுபிடித்த விதம் சுவாரசியமானது. 1920-களின் கடைசியில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் வில்லியம் கேஸில் என்ற டாக்டர், தானே இறைச்சியைச் சாப்பிட்டு, சற்று நேரம் கழித்து அதை வெளியே எடுத்து, கடுமையான ரத்த சோகை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். (முகம் சுளிக்காதீர்கள், அந்தக் கால ஆராய்ச்சி அப்படி!) வெறும் இறைச்சியில் தேறாத நோயாளிகள் இதில் தேறினார்கள். இறைச்சியில் இருப்பது மட்டும் போதாது, ஆரோக்கியமான இரைப்பையிலிருந்தும் ஏதோ ஒன்று வேண்டும் என்று புரிந்தது.

அந்த 'ஏதோ ஒன்று' சுரக்கும் இடத்தைத்தான் ஸ்லீவில் பெரும்பகுதி வெட்டி எடுக்கிறோம். பைபாஸில் சாப்பாடு அதைச் சந்திப்பதே இல்லை.

கல்லீரலில் பி12 நிறைய சேமிப்பு இருப்பதால் உடனே எதுவும் தெரியாது. இரண்டு, மூன்று வருஷம் கழித்து நாக்கு வழவழவென்று எரியும். பாதம் மரத்துப் போகும். கண்ணை மூடிக்கொண்டு முகம் கழுவினால் தள்ளாடும். ஞாபக மறதி வரும். 'நரம்புத் தளர்ச்சி' என்று டானிக் குடித்துக் காலம் கடத்தினால், நரம்பில் ஏற்பட்ட சேதம் முழுசாகத் திரும்பாமலே போகலாம்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ரத்த சோகை என்று ஃபோலிக் ஆசிட் மாத்திரை மட்டும் சாப்பிட்டால் ரத்தம் ஏறிவிடும். ரிப்போர்ட் அழகாக இருக்கும். உள்ளே பி12 இல்லாமல் நரம்பு மட்டும் அரித்துக்கொண்டே போகும்! அதனால் இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களுக்கும், வருஷக்கணக்கில் அசிடிட்டி மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் பி12 இன்னும் கொஞ்சம் குறையும்.

'சாதாரண சத்து மாத்திரை போதாதா?' என்று கேட்கிறீர்களா? கணக்குப் போட்டுப் பாருங்கள். கைப்பிடித்துக் கூட்டிப்போக ஆள் இல்லாதபோது, விழுங்கிய பி12-ல் சுமார் ஒரு சதவீதம்தான் தானாக உள்ளே நுழையும். 1000 மைக்ரோகிராம் சாப்பிட்டால் 10 உள்ளே போகும். தினசரித் தேவை இரண்டரை மைக்ரோகிராம் போல, தாராளம். ஆனால் இரண்டு, மூன்று மைக்ரோகிராம் மட்டும் உள்ள மாத்திரை சாப்பிட்டால்? ஒன்றுமே போகாது! அதனால்தான் தினமும் 350 முதல் 1000 மைக்ரோகிராம் மாத்திரையோ, மாதம் ஒரு முறை 1000 மைக்ரோகிராம் ஊசியோ சொல்கிறார்கள்.

வாந்தி நிற்கலையா? காத்திருக்காதீங்க!

மற்ற சத்துக்கள் வருஷக்கணக்கில் ஆட்டம் காட்டும். ஒன்று மட்டும் வாரக்கணக்கில் காலை வாரிவிடும். அது பி1, அதாவது தயமின். உடம்பில் இதன் சேமிப்பு இரண்டு, மூன்று வாரத்துக்குத்தான் வரும். ஆபரேஷனுக்குப் பிறகு தொடர்ந்து வாந்தி எடுத்தாலோ, சரியாகச் சாப்பிட முடியாமல் போனாலோ மளமளவென்று தீர்ந்துவிடும்.

தீட்டிய அரிசி மட்டும் தின்று 'பெரிபெரி' நோய் வந்த கதையைப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். புழுங்கல் அரிசியில் பி1 ஓரளவு தங்கும் என்பதும் அந்தப் பாடத்திலேயே வரும். அந்தப் பழைய நோய்தான் இப்போது ஆபரேஷன் வழியாக வேறு வாசலில் வருகிறது.

பார்வை இரண்டிரண்டாகத் தெரிவது, கண்மணி ஓரிடத்தில் நிற்காமல் ஆடுவது, நடை தள்ளாடுவது, பேச்சு குழம்புவது... இதில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மூளையைத் தாக்கும் அவசர நிலை அது. இன்னொன்று முக்கியம். வாந்தியால் சோர்ந்தவரைப் பக்கத்துக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனால் வழக்கம்போல் குளுக்கோஸ் ஏற்றுவார்கள். குளுக்கோஸைச் செரிக்க பி1 செலவாகும். இருக்கிற கொஞ்சமும் தீர்ந்து நிலைமை மோசமாகலாம். அதனால், "இவருக்கு எடைக்குறைப்பு ஆபரேஷன் ஆகியிருக்கு, பி1 ஊசி முதலில் போடணுமா டாக்டர்?" என்று நீங்களே நினைவுபடுத்துங்கள். கூச்சப்பட வேண்டாம்.

எலும்பின் சேமிப்பு

கால்சியத்தையும் சிறுகுடலின் ஆரம்பப் பகுதிதான் அதிகம் உறிஞ்சும். அதற்குத் துணை வைட்டமின் டி. இரண்டும் குறையும்போது உடம்பு ஒரு தந்திரம் செய்யும். கழுத்தில் உள்ள பாராதைராய்டு சுரப்பி ஒரு ஹார்மோனை அதிகம் சுரந்து, எலும்பிலிருந்து கால்சியத்தை உருவி ரத்தத்துக்குக் கொடுக்கும். ரத்தத்தில் பார்த்தால் கால்சியம் நார்மல்! வீட்டுக் கல்லை விற்று வாசலுக்கு வெள்ளையடித்த கதைதான். எலும்பு தேய்ந்து, ஒரு நாள் பாத்ரூமில் வழுக்கி விழும்போதுதான் உண்மை தெரியும். அதனால் கால்சியத்தோடு வைட்டமின் டி அளவையும் அந்த ஹார்மோன் அளவையும் சேர்த்துப் பார்ப்பார்கள்.

கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் கால்சியம் கார்பனேட் கரைய அமிலம் வேண்டும். அமிலம் குறைந்துவிட்ட வயிற்றுக்கு கால்சியம் சிட்ரேட்தான் தோது. நாளுக்கு 1200 முதல் 1500 மில்லிகிராம் தேவை. ஒரே வேளையில் 500, 600-க்கு மேல் உடம்பு ஏற்றுக்கொள்ளாது, பிரித்துத்தான் சாப்பிட வேண்டும். முக்கியமாக, இரும்பையும் கால்சியத்தையும் ஒன்றாக விழுங்காதீர்கள். ஒன்றை ஒன்று தள்ளிவிடும். நடுவே இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

தட்டில் முதலில் எது?

நம் தட்டைப் பாருங்கள். நடுவில் சாதம் மலை, ஓரத்தில் பருப்பு ஏரி! ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு வேளைக்குக் கொஞ்சம்தான் இறங்கும். அதை இட்லியும் ரசம் சாதமும் பிடித்துக்கொண்டால் புரதத்துக்கு இடம் ஏது? ஒரு இட்லியில் ஏறக்குறைய 2 கிராம் புரதம்தான். ஒரு முட்டையில் 6 கிராம். நாளுக்குத் தேவையோ 60 முதல் 80 கிராம்.

அதனால் முதல் வாய் புரதமாக இருக்கட்டும். முட்டை, மீன், கோழி, பனீர், கெட்டித் தயிர், சுண்டல், கெட்டிப் பருப்பு என்று ஆரம்பித்து, பிறகு காய், கடைசியாகச் சோறு. சைவக்காரர்கள் டயட்டீஷியனைக் கேட்டுப் புரதப் பவுடரும் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

மூன்றாவது மாதத்திலிருந்து ஆறாவது மாதம் வரை முடி கொத்துக் கொத்தாகக் கொட்டும். வேகமாக எடை குறைவதன் விளைவு அது. பெரும்பாலும் திரும்ப முளைத்துவிடும். ஒரு வருஷம் கழித்தும் கொட்டினால் புரதம், இரும்பு, துத்தநாகம் மூன்றையும் சோதித்துப் பார்க்க வேண்டும். பாதம் வீங்கினாலும் புரதக் குறைவாக இருக்கலாம், காட்டிவிடுங்கள்.

'முடிக்கு நல்லதாமே' என்று துத்தநாக மாத்திரையை நீங்களாகவே வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவதும் ஆபத்து. துத்தநாகம் ஏறினால் தாமிரம் இறங்கும். தாமிரம் குறைந்தால் வரும் தள்ளாட்டமும் மரப்பும், பி12 குறைந்தால் வருவது போலவே இருக்கும். முடிக்காகப் போய் நடையை இழக்கலாமா?

குடலை அதிக நீளத்துக்குத் தாண்டிவிடும் ஆபரேஷன் செய்தவர்களுக்குக் கொழுப்பில் கரையும் ஏ, டி, ஈ, கே வைட்டமின்களும் குறையும். பொழுது சாய்ந்தால் கண் மங்குகிறது என்றால் கண்ணாடியை மாற்றுவதோடு நிறுத்தாமல், வைட்டமின் ஏ அளவையும் பாருங்கள்.

குழந்தைக்குத் திட்டமிடும் பெண்களுக்கு

எடை குறைந்ததும் நின்றிருந்த மாதவிலக்கு சீராகும், கர்ப்பம் தரிக்கும் வாய்ப்பும் கூடும். சந்தோஷமான விஷயம்தான். ஆனால் ஒரு வருஷத்திலிருந்து ஒன்றரை வருஷமாவது தள்ளிப்போடச் சொல்கிறார்கள். எடை வேகமாக இறங்கும் சமயத்தில் அம்மாவுக்கே சத்து போதாது, வயிற்றுப் பிள்ளைக்கு எப்படிப் போதும்? கருத்தடை மாத்திரை சரியாக உறிஞ்சப்படாமல் போகலாம், வேறு முறையை டாக்டரிடம் கேளுங்கள். கர்ப்பம் ஆனதும் மகப்பேறு டாக்டரிடம் ஆபரேஷன் விவரத்தை முதலிலேயே சொல்லுங்கள். குளுக்கோஸ் கரைசல் குடிக்க வைத்துச் செய்யும் சர்க்கரைப் பரிசோதனை உங்களுக்கு மயக்கம், படபடப்பு கொடுக்கலாம். அவர் வேறு வழியில் பார்ப்பார்.

வீட்டில் இருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை

மாத்திரையை நிறுத்த வைப்பது பல சமயம் நாம்தான்! "இன்னுமா மாத்திரை? நல்லா சாப்பிட்டாப் போதாதா?" என்று அன்பாகத்தான் சொல்வோம். போதாது. அவர் சாப்பிடுவதில் குறை இல்லை, வாங்கிக்கொள்ளும் வழி மாறிவிட்டது. கண்ணாடி போடுகிறவரிடம், "எத்தனை நாளைக்கு இதைப் போடுவே?" என்று கேட்போமா?

நம் சித்திக்கு வருவோம். மண்டபத்திலேயே யாராவது ஒருவர், "நாளைக்குக் காலைல பி12 பார்த்துடலாம் சித்தி, நான் கூட வர்றேன்" என்று சொன்னால் போதும். காலத்தோடு பிடித்தால் அந்தப் பாதம் மறுபடி தரையை உணர நல்ல வாய்ப்பு இருக்கிறது.

எடை மெஷினில் முள் இறங்குவதைப் பார்த்து மகிழுங்கள். தப்பே இல்லை. வருஷத்துக்கு ஒரு முறை ரத்த ரிப்போர்ட்டையும் அதே ஆசையோடு புரட்டிப் பாருங்கள்!

ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைக்க...

* ஆபரேஷனுக்குப் பிறகு 3, 6, 12-வது மாதங்களில் ரத்தப் பரிசோதனை. அதன் பிறகு ஆயுள் முழுக்க வருஷம் ஒரு முறை.

* கேட்க வேண்டியவை: ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், பி12, ஃபோலேட், வைட்டமின் டி, கால்சியம், பாராதைராய்டு ஹார்மோன், ஆல்புமின். தேவைப்பட்டால் துத்தநாகம், தாமிரம், வைட்டமின் ஏ.

* இரும்பு மாத்திரையோடு காபி, டீ வேண்டாம். ஒரு மணி நேரமாவது தள்ளுங்கள். எலுமிச்சை ஜூஸ் நல்ல துணை.

* இரும்புக்கும் கால்சியத்துக்கும் இடையே இரண்டு மணி நேரம்.

* எந்த ஆபரேஷன், எந்தத் தேதி என்று ஒரு சின்ன அட்டையில் எழுதிப் பர்ஸில் வையுங்கள். எந்த டாக்டரிடம் எதற்குப் போனாலும் காட்டுங்கள்.

* நிற்காத வாந்தி, இரட்டைப் பார்வை, தள்ளாட்டம், குழப்பம்: அன்றைக்கே ஆஸ்பத்திரி!

* மாத்திரையின் அளவை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். வைட்டமின் ஏ-யும் டி-யும் அளவுக்கு மிஞ்சினால் கெடுதல்தான். உங்களுக்கு எவ்வளவு என்பதை உங்கள் டாக்டர் சொல்லட்டும்.